ஹிம்யர்: ஏமன் மலையில அந்த யூத ராஜ்ஜியம் 525-ல சாயாம இருந்திருந்தா?

செங்கடல்வாசி:
யூத ராஜ்ஜியம் பிழைச்சிருந்தான்னு மாற்று வரலாறு பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் எருசலேம்லயே போய் நின்னுடறாங்க. கி.மு. 63-ல ரோம் தளபதி பாம்பே (Pompey) உள்ள வராம இருந்திருந்தா, கி.பி. 70-ல கோயில் எரியாம இருந்திருந்தா, இப்படித்தான் போகும். எனக்கு அதுல நம்பிக்கை கம்மி, ஏன்னா ரோமும் பாரசீகமும் மோதிக்கற பாதையில உக்காந்திருக்கற சின்ன நாடு அது, ஒரு தடவை தப்பிச்சாலும் அடுத்த தடவை மாட்டும்.

நான் கேக்க வர்றது ஏமன் பத்தி. ஹிம்யர் ராஜ்ஜியம். தலைநகர் ஸஃபார், இப்போ இருக்கற யரீம் ஊருக்குப் பக்கத்துல, கடல்ல இருந்து ரொம்ப உசரத்துல. இவங்க வருஷக்கணக்கே கி.மு. 110-ல ஆரம்பிக்குது. 3-ம் நூற்றாண்டு கடைசியில சபா நாட்டைப் பிடிச்சாங்க, அப்புறம் ஹத்ரமவுத்தையும் பிடிச்சு தென் அரேபியா மொத்தத்தையும் ஒரே கொடிக்கு கீழ கொண்டு வந்தாங்க. 380 வாக்குல மல்கிகரிப்னு ஒரு ராஜாவும் அவர் பையன் அபிகரிப் அஸ்அதும் பழைய தெய்வங்களை விட்டுட்டாங்க. அதுவரைக்கும் மாரிப்ல அல்மகாங்கற பழைய தெய்வத்தோட கோயில்ல நூத்துக்கணக்கா நேர்ச்சைக் கல்வெட்டு வெட்டிட்டு இருந்த ஜனங்க சட்டுனு நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் கல்லுல வர்றதெல்லாம் ரஹ்மானன், அதாவது இரக்கமுள்ளவன், வானத்தின் ஆண்டவன்னு ஒரே பேருதான். இந்த நிலைமை கிட்டத்தட்ட 140 வருஷம் நீடிச்சுது.

525-ல கடலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து அக்சும் (இப்போதைய எத்தியோப்பியா பக்கம் இருந்த கிறிஸ்தவ ராஜ்ஜியம்) ராஜா காலேப் படையோட வந்து இறங்கி கடைசி யூத ராஜா யூசுஃப் அஸ்அரை (அரபுக் கதைகள்ல து நுவாஸ்னு சொல்றவர்) தோற்கடிச்சார். குதிரையோட கடலுக்குள்ள இறங்கி மறைஞ்சுட்டார்னு ஒரு கதை இருக்கு. என் கேள்வி என்னன்னா இந்த ராஜ்ஜியம் இன்னைக்கு வரைக்கும் வந்திருக்க முடியுமா? முடியும்னுதான் நான் நினைக்கறேன், ஆனா அதுக்கு 525 போர்ல ஜெயிச்சா பத்தாது. மாத்த வேண்டியது 523-ல வடக்கே கிறிஸ்தவர்கள் இருந்த நஜ்ரான் ஊர்ல நடந்தது. அதை விளக்கமா சொல்றேன், முதல்ல உங்க கருத்தை கேக்கறேன்.

குட்டித்திமிங்கலம்:
ப்ரோ நான் இந்தப் பக்கம் புதுசு, தப்பா எடுத்துக்காதீங்க. ஏமன்ல யூத ராஜ்ஜியமா? அவங்க அங்க குடியேறிப்போன யூதர்களா இல்ல ஊர் ஜனங்களே மதம் மாறினாங்களா?

மலைத்தேன்:
நல்ல கேள்வி தம்பி. ரெண்டும் உண்டு. ஹிம்யருக்கும் பாலஸ்தீனத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்ததுக்கு ஆதாரம் இருக்கு, ஹைஃபா பக்கத்துல பேத் ஷெஅரீம்னு பெரிய யூத கல்லறைக் குகைகள் இருக்குல்ல, அதுல ஒரு அறையில கிரேக்கத்துல "ஹிம்யர்காரங்களோடது"ன்னு எழுதியிருக்கு. இறந்தவங்களை அவ்வளவு தூரம் கொண்டு போய் அடக்கம் பண்ணியிருக்காங்க பாருங்க. இன்னொரு பக்கம் உள்ளூர் பெரிய குடும்பங்கள் மாறினதும் தெரியுது. ஸஃபார் பக்கம் பைத் அல்அஷ்வல்ல கிடைச்ச கல்வெட்டுல யஹூதான்னு ஒருத்தர் தான் வீடு கட்டினதை சபா எழுத்துல சொல்றார், தன்னோட ஜனமான இஸ்ரேலோட ஜெபத்தால கட்டினேன்னு சொல்றார், நடுவுல குட்டியா எபிரேய எழுத்துலயும் ஒரு வரி இருக்கு.

ஹஸீங்கற இடத்துல இன்னொரு கல்வெட்டு, யூதர்களுக்கு மட்டும்னு இடுகாட்டு நிலம் ஒதுக்கி, மத்தவங்களை அங்க புதைக்கக் கூடாதுன்னு எழுதி வச்சது. ஆனா செங்கடல்வாசி, ஒரு விஷயம் சொல்லியாகணும். ராஜாக்கள் வெளிப்படையா "நான் யூதன்"னு கல்லுல வெட்டிக்கல. ஒரே கடவுள்னு மட்டும் பொதுவா சொல்லிட்டு நிறுத்திக்கறாங்க. அதனால "யூத ராஜ்ஜியம்"னு சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லணும்.

செங்கடல்வாசி:
அக்கா நீங்க சொன்ன அந்தப் பொதுத்தன்மைதான் என் வாதத்துக்கே அடித்தளம். 140 வருஷம் அந்த ராஜ்ஜியம் நின்னதுக்கு காரணமே அதுதான்னு தோணுது. ராஜகுடும்பமும் பெரிய தலைக்கட்டுகளும் ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தாலும் கல்லுல "ரஹ்மானன்"னு மட்டும் எழுதினா அதைப் படிக்கற யூதனும் தலையாட்டுவான், கிறிஸ்தவனும் தலையாட்டுவான், பழைய சாமியை மனசுக்குள்ள கும்பிடற குடியானவனும் பேசாம போயிடுவான். 4-ம் நூற்றாண்டு நடுவுல ரோம் பேரரசர் கான்ஸ்டான்டியஸ் அனுப்பின தெயோஃபிலஸ்னு ஒரு தூதர் வந்து ஸஃபார்லயும் ஏடன்லயும் சர்ச் கட்ட அனுமதி வாங்கிட்டுப் போனார். ரெண்டு வல்லரசுக்கும் நடுவுல யார் பக்கமும் முழுசா சாயாம இருக்கறதுக்கு அந்த மதம் நல்ல வழியா இருந்தது.

நெய்தல்நிலவன்:
எல்லாம் சரி. கப்பல் பத்தி யாருமே பேசலயே. அக்சும்காரனுக்கு அதூலிஸ் துறைமுகம் இருக்கு. பாப் எல் மந்தெப் ஜலசந்தி குறுகலான இடத்துல 30 கிலோமீட்டர் கூட இருக்காது. 525-ல தோத்தா 530-ல வருவான், அப்பவும் தோத்தா 540-ல வருவான். பின்னாடி ரோம் நின்னு கப்பல் குடுக்குது. ரோம் பேரரசர் ஜஸ்டின் காலத்துல செங்கடல் வடக்குத் துறைமுகங்கள்ல இருந்து கப்பல் போச்சு, அதூலிஸ்ல படை தயாராகறதை காஸ்மாஸ்னு ஒரு வியாபாரி நேர்லயே பார்த்து எழுதி வச்சிருக்கார். யூசுஃப் கல்வெட்டுலயே மந்தெப்ல சங்கிலி போட்டு காவல் வச்சோம்னு வருது. சங்கிலி போட்டும் நிக்கல. நீங்க நஜ்ரானை மாத்தினாலும் கடலை மாத்த முடியாது.

செங்கடல்வாசி:
கரையில இறங்கறது வேற, மலையை வச்சுக்கறது வேற. இதுக்கு நம்ம கையில இருக்கற உண்மை வரலாறே சாட்சி. காலேப் ஜெயிச்சார், சுமியஃபா அஷ்வான்னு ஒரு உள்ளூர் கிறிஸ்தவரை ராஜாவா உக்கார வச்சுட்டு ஊருக்குத் திரும்பினார். கொஞ்ச வருஷத்துல அங்க விட்டுட்டு வந்த சொந்தப் படையில இருந்தே அபிரஹாங்கறவர் கிளம்பி ஆட்சியைப் பிடிச்சுக்கிட்டார். காலேப் 3000 பேரை அனுப்பினார், அவங்க போய் அபிரஹா பக்கமே சேர்ந்துட்டாங்க. திருப்பி ஒரு படை அனுப்பினார், அது தோத்து வந்தது, அதோட விட்டுட்டார். இதெல்லாம் அந்தக் காலத்து ரோம் வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதி வச்சது. அதாவது ஜெயிச்ச பத்து வருஷத்துலயே அக்சுமால அந்த மலையைத் தக்க வச்சுக்க முடியல.

அடுத்தது, 897-ல ஸஅதாவுக்கு யஹ்யான்னு ஒரு ஸைதி (ஷியாவுல ஒரு பிரிவு) இமாம் வந்தார். அவர் ஆரம்பிச்ச இமாம் ஆட்சி நடுவுல முறிஞ்சு முறிஞ்சு வந்தாலும் 1962 வரைக்கும் அந்த மலையில இருந்தது. சுத்தி இருந்தவங்க எல்லாம் வேற வழியில தொழற முஸ்லிம்கள், துருக்கிக்காரன் 16-ம் நூற்றாண்டுல வந்து ஒரு நூறு வருஷத்துல வெளிய போனான், திரும்ப 1872-ல வந்து 1918-ல போனான். ஆயிரம் வருஷத்துக்கு மேல சிறுபான்மை நம்பிக்கை உள்ள ஒரு அரசு அதே படிக்கட்டு வயல்கள்ல, அதே கல்கோட்டைகள்ல உக்காந்து இருந்திருக்கு. எதிர்க்கரையில எத்தியோப்பியா கிறிஸ்தவ ராஜ்ஜியமா 1974 வரைக்கும் இருந்தது, அதுவும் மலைதான். இந்த ரெண்டையும் பார்த்துட்டு ஹிம்யரால முடியாதுன்னு எப்படி சொல்றது?

மலைத்தேன்:
எத்தியோப்பியான்னதும் ஞாபகம் வருது. அதே மலையிலயே பீட்டா இஸ்ராயேல் ஜனங்களோட, அதாவது எத்தியோப்பிய யூதர்களோட செமியேன் ராஜ்ஜியம் ஒண்ணு இருந்தது. 1620கள் வரைக்கும் தாக்குப்பிடிச்சாங்க, எத்தியோப்பியப் பேரரசர் சுசன்யோஸ் காலத்துல முடிஞ்சது. மலை இருந்தும் தப்பிக்கல. அதே மாதிரி காஸ்பியன் கடல் பக்கத்து கஸார்கள், பத்தாம் நூற்றாண்டுல கோர்டோபாவுல இருந்து ஹஸ்தாய் இபின் ஷப்ருத் கடிதம் எழுதி விசாரிக்கற அளவுக்கு பேர் வாங்கின யூத அரசு, 960கள்ல கீவ் இளவரசர் ஸ்வியாதொஸ்லாவ் அடிச்சதுல எழுந்திருக்கவே இல்ல. மலை மட்டும் காப்பாத்தாது. அந்த மலையில எல்லாரும் உங்க பக்கம் இருக்கணும்.

செங்கடல்வாசி:
ஆமா அக்கா, அதுக்குத்தான் நஜ்ரானுக்கு வர்றேன், இதை எழுத கஷ்டமாத்தான் இருக்கு.

யூசுஃப் 522-ல ஆட்சிக்கு வந்தார். ஸஃபார்ல இருந்த அக்சும் காவல்படையைக் கொன்னு, சர்ச்சை எரிச்சு, தெற்கே கடற்கரைக்கு இறங்கினார். அவரோட தளபதி ஷரஹ்இல் 523-ல நஜ்ரானுக்கு வடக்கே ஹிமா பாறைகள்ல கல்வெட்டு வெட்டி வச்சிருக்கார், இத்தனை ஆயிரம் பேரைக் கொன்னோம், இத்தனை ஆயிரம் பேரை சிறை பிடிச்சோம், ரெண்டரை லட்சத்துக்கு மேல ஒட்டகம் மாடு ஆடு கொண்டு வந்தோம்னு கணக்கு போட்டு. எதிரி எழுதின குற்றச்சாட்டு கிடையாது இது, அவங்களே பெருமையா வெட்டிக்கிட்டது. அந்தப் பாறை இன்னைக்கும் இருக்கு, 2021-ல ஹிமா யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. அந்த வருஷக் கடைசியில நஜ்ரான் கிறிஸ்தவர்களைக் கொன்னாங்க, ஊர்ப் பெரியவர் ஹாரித்தும் அதுல செத்தார்.

மாற்று வரலாறு எழுதறவங்க நிறைய பேர் யூசுஃபை வீரனா ஆக்கி, அந்தக் கொலையை ஓரமா தள்ளிட்டு, கடற்கரைப் போர்ல மட்டும் ஒரு அதிர்ஷ்டம் குடுத்து ஜெயிக்க வச்சிடறாங்க. என்னால அப்படி எழுத முடியாது. அது தப்புங்கறது ஒரு பக்கம், அரசியலாவும் அதுதான் ராஜ்ஜியத்தை அழிச்சது. நஜ்ரான் ஒரு வணிகச் சோலை, வடக்கே போற எல்லாப் பாதையும் அங்கதான் பிரியுது. 524 ஆரம்பத்துல ஹீராங்கற, பாரசீகத்துக்குக் கீழ இருந்த அரபு நாட்டு ராஜா முன்திர்கிட்ட யூசுஃபோட கடிதம் வந்தது, நானும் செஞ்சேன் நீயும் செய்னு. அந்த சமயம் அங்க ரோம் தூதர்கள், பாரசீகத் தரப்புல இருந்து வந்த பிஷப் சிமியோன் எல்லாரும் பேச்சுவார்த்தைக்கு கூடியிருந்தாங்க, சிமியோன் எழுதின கடிதம் மூலமா சேதி சிரியா முழுக்கப் பரவிடுச்சு. அதுவரைக்கும் ரோமுக்கு ஹிம்யர் ஒரு வியாபார விஷயம். அதுக்கப்புறம் அது மத விஷயமாயிடுச்சு. காலேபுக்கு கப்பல் கிடைச்சது அந்த வேகத்துலதான்.

யூசுஃபோட பட்டத்தையும் பாருங்க. முந்தின ராஜாக்கள் "சபா, து ரைதான், ஹத்ரமவுத், யமனத் ராஜா, மேட்டுநில கடற்கரை அரபிகளுக்கும் ராஜா"ன்னு நீளமா போட்டுக்குவாங்க. இவர் கல்வெட்டுல "எல்லாக் குலங்களுக்கும் ராஜா"ன்னு மட்டும் வருது. பழைய பட்டத்தைப் போட்டுக்க எல்லாரும் ஒத்துக்கலயோன்னு எனக்குத் தோணும். பாதிக் குலம்தான் பின்னாடி நின்னிருக்கும்.

அதனால என் டைம்லைன்ல ஒரே ஒரு மாற்றம். ஸஃபார் காவல்படையைத் துரத்தினதோட யூசுஃப் நிறுத்திக்கறார். நஜ்ரான் பெரியவங்களோட திறை பேசி முடிக்கறார், சர்ச் இருக்கட்டும்னு விட்டுடறார், பழைய ரஹ்மானன் வழிக்கே திரும்பறார்.

நெய்தல்நிலவன்:
ம்ம். இது நான் யோசிக்காத கோணம். ஆனா பஞ்சம்? ஓமான்ல ஹோட்டி குகையில சொட்டுச் சொட்டா வளர்ற சுண்ணாம்புக் கல்லை வெட்டிப் பார்த்து 2022-ல ஒரு ஆய்வு வந்துச்சே, 500ல இருந்து 530 வரைக்கும் கடுமையான வறட்சி, 520 வாக்குல உச்சம்னு. சோறில்லாத நாட்டுல குலங்கள் எப்படி ஒண்ணா நிக்கும்? யூசுஃப் கொள்ளையடிக்கப் போனதே அந்த ஆடு மாட்டுக்காகக் கூட இருக்கலாம்.

செங்கடல்வாசி:
அந்த 2022 ஆய்வு நானும் படிச்சேன், என் கதையில ரொம்ப உதைக்கற இடம் அதுதான். வறட்சியை நான் எடுக்கப் போறதில்ல, அது வரட்டும். ஆனா மாரிப் அணையை நினைச்சுப் பாருங்க, சுமார் 600 மீட்டர் நீள மண் அணை, ஆயிரம் வருஷத்துக்கு மேல அதைப் பராமரிச்ச ஜனங்க. 450 வாக்குல உடைஞ்சப்போ ஷரஹ்பில் யஃபுர் ராஜா ஆயிரக்கணக்கான ஆளைக் கூட்டி திருப்பிக் கட்டினார். 548-ல அபிரஹாவும் கட்டினார். ஒவ்வொரு தடவையும் குலங்களைக் கூப்பிட்டு வேலைக்கு நிறுத்தி சோறு போடற அரசு இருந்தா அந்த நாடு நின்னிருக்கு. 6-ம் நூற்றாண்டு கடைசி வாக்குல உடைஞ்சப்போதான் கூப்பிடறதுக்கு ஆள் இல்ல. அதனால என் யூசுஃப் சண்டைக்குப் போறதுக்குப் பதிலா அணைக்குப் போறார்.

காயல்காற்று:
அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா போகுது இழை. ஒரு முக்கியமான கட்டத்தைத் தாண்டிட்டீங்க, அடுத்த நூற்றாண்டுல இஸ்லாம் வருது. அதை எப்படி வச்சிருக்கீங்க? ஹிம்யர் எங்க மரபுக்கு அந்நியமான பேர் இல்ல. குர்ஆன்ல துப்பஉ கூட்டம்னு ரெண்டு இடத்துல வருது, துப்பஉங்கறது ஹிம்யர் ராஜாக்களோட பட்டம். அபிகரிப் அஸ்அத்தான் கஅபாவுக்கு முதல்ல போர்வை போர்த்தினவர்னு மரபு சொல்லும். யத்ரிப்ல (பின்னாடி மதீனா) ரெண்டு யூத அறிஞர்களைப் பார்த்து அவர் மனசு மாறினார்னும் சொல்லும். நெருப்புக் குழியில ஈமான்தாரிகளைப் போட்டவங்களைப் பத்தி 85-வது சூரா சொல்றதை நிறைய பேர் நஜ்ரானோட சேர்த்துத்தான் விளக்குவாங்க. அதனால நீங்க நஜ்ரானை லேசா எடுத்துக்காதது எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

செங்கடல்வாசி:
வ அலைக்கும் ஸலாம் பாய், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். இஸ்லாம் வராதுன்னு எழுதற டைம்லைன் எனக்கு வேண்டாம், அது மக்காவுல நடக்கறது, ஹிம்யர் பிழைச்சதால அது மறையணும்னு இல்ல. என் கேள்வி, மதீனாவுல அரசு எழும்பும்போது தெற்கே ஒரு யூத ராஜா இருந்தா என்ன ஆகும்? நம்ம வரலாற்றுல ஹிம்யர் பிரபுக்களுக்குப் போன கடிதத்துலயே, யூதரோ கிறிஸ்தவரோ தன் மதத்துல இருக்க நினைச்சா திருப்பக் கூடாது, ஆளுக்கு ஒரு தீனார் வரின்னு இருக்குன்னு இபின் இஸ்ஹாக் எழுதின நபி வரலாற்றுல வருது. அந்த மாதிரி ஒரு ஒப்பந்தத்தோட மலை ராஜ்ஜியம் திறை கட்டிட்டு இருந்திருக்க வாய்ப்பு இருக்கா?

காயல்காற்று:
வாய்ப்பு இருக்குதான். அபிசீனியாவைப் பாருங்க, 615-ல மக்காவுல இருந்து முதல் ஹிஜ்ரத் (இடம்பெயர்வு) போனவங்களுக்கு அந்நாட்டு ராஜா நஜ்ஜாஷி அடைக்கலம் குடுத்தார். அபிசீனியர் உங்களை விட்டு வைக்கற வரைக்கும் நீங்களும் அவங்களை விட்டு வைங்கன்னு அபூதாவூத் தொகுப்புல ஒரு ஹதீஸ் (நபிமொழி) இருக்கு. உங்க ஹிம்யர் ராஜா அந்த அடைக்கல வேலையை செஞ்சிருந்தா? கஷ்டத்துல இருந்த மக்கா ஆளுங்கள்ல கொஞ்சம் பேர் தெற்கே போயிருந்தா? அந்த ஒரு உதவி ஆயிரம் வருஷத்துக்குப் பேசும்.

ஆனா கடற்கரையும் ஹத்ரமவுத்தும் உங்க கையில இருக்காது. அது கடல் வியாபாரிங்க பூமி, சீக்கிரமே முஸ்லிமாயிடும். எங்க காயல்பட்டணம், கீழக்கரை, மலபார் எல்லாம் ஷாஃபி மத்ஹப் (சுன்னி சட்டப்பள்ளிகள்ல ஒண்ணு), அந்தத் தொடர்பு ஏமன் கரை வழியா வந்ததுதான். நான் அதை விட்டுத்தர மாட்டேன்.

செங்கடல்வாசி:
பாய் அந்த அடைக்கல யோசனை அருமை, அதை அப்படியே எடுத்துக்கறேன். 523-ல நஜ்ரானை விட்டு வச்ச அதே வழக்கத்தோட அடுத்த படியா அது அமையும். கரையை விட்டுத்தர்றேன். மலை யூத ராஜாவுக்கு, ஏடனும் ஹத்ரமவுத்தும் முஸ்லிம் வியாபாரிகளுக்கு, நடுவுல சுங்கச் சண்டை நூத்தாண்டுக்கு நூத்தாண்டு நடக்கட்டும்.

சேரக்கரை:
கரை வியாபாரம்னு வந்ததால நானும் உள்ள வர்றேன். ஓமான்ல கோர் ரோரி, அதாவது ஹத்ரமவுத்தோட பழைய சும்ஹுரம் துறைமுகத்துல, தமிழ் பிராமியில "ணந்தை கீரன்"னு எழுதின பானை ஓடு கிடைச்சிருக்கு. ஹிம்யர் ஹத்ரமவுத்தைப் பிடிக்கறதுக்கு முந்தின காலத்து ஆள், ஆனா வழி அதே வழி. அப்புறம் கி.பி. 1000 வாக்குல சேர ராஜா பாஸ்கர ரவிவர்மன் யூத வியாபாரத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குக் குடுத்த செப்பேடு, வட்டெழுத்துல, அன்னைக்கு இங்க புழங்கின தமிழ்ல. அஞ்சுவண்ணம் (வணிகக் குழு), பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, காகளம், தோரணம்னு 72 உரிமை. 12-ம் நூற்றாண்டுல ஏடன் யூத வியாபாரிகள் மங்களூர்ல இருந்த ஆபிரகாம் பென் யீஜுவுக்கு எழுதின கடிதங்கள் கெய்ரோ கெனிசாவுல (யூத ஆலயத்துல பழைய தாள்களைப் போட்டு வச்ச அறை) கிடைச்சிருக்கு, மிளகு, இரும்பு, வெண்கலப் பாத்திரம்னு. ஏடனுக்குப் பின்னாடி மலையில ஒரு யூத ராஜா நிஜமாவே உக்காந்திருந்தா, இந்தக் கடிதங்கள்ல வரி பத்தின வரிகள் எல்லாம் மாறிப்போயிருக்கும். முசிறிக்கோட்டுல ரப்பானுக்குக் குடை பிடிச்ச சேர ராஜா ஸஃபாருக்கும் தூது அனுப்பியிருப்பான்.

குட்டித்திமிங்கலம்:
செம ப்ரோ. அப்போ நவீன காலம் எப்படி போகும்? பிரிட்டிஷ்காரன் வருவானே.

செங்கடல்வாசி:
வருவான் தம்பி, 1839-ல ஏடனைப் பிடிச்சது மாதிரியே பிடிப்பான், அவனுக்கு வேண்டியது கரி ஏத்தற துறைமுகம், மலை இல்ல. 17-ம் நூற்றாண்டுல மொக்கா வழியா போன காப்பி முழுக்க அந்த மலைச்சரிவுல விளைஞ்சது, அந்தப் பணம் என் ராஜ்ஜியத்துக்கு ஒரு நூறு வருஷம் நல்லா ஓடும், டச்சுக்காரன் ஜாவாவுல பயிர் பண்ண ஆரம்பிச்சதும் இறங்கிடும். துருக்கிக்காரன் 16-ம் நூற்றாண்டுல வர்றதைத் தடுக்க முடியாது, வடக்கு மலைக்குப் பின்வாங்கி காத்திருப்பாங்க, ஸைதி இமாம்கள் செஞ்ச மாதிரியே.

மலைத்தேன்:
உங்க கதையில ஸைதிகள் எங்க போனாங்கன்னு சொல்லவே இல்லயே. 897-ல ஸஅதாவுக்கு அந்த இமாமைக் கூப்பிட்டதே அங்க சண்டை போட்டுட்டு இருந்த குலங்கள்தான், நடுவரா வாங்கன்னு. உங்க ராஜா அந்த வேலையை ஒழுங்கா செஞ்சா அவரைக் கூப்பிடவே மாட்டாங்க. செய்யலன்னா கூப்பிடுவாங்க, அப்போ வடக்குல பாதி போயிடும். இதுக்கு பதில் சொல்லாம 20-ம் நூற்றாண்டுக்குப் போகாதீங்க.

செங்கடல்வாசி:
அக்கா இது சரியான அடி. யோசிச்சுப் பார்த்தா ஸஅதா போயிடும்னுதான் தோணுது. வடக்குல ஸைதி இமாம், நடுமலையில ஸஃபார் ராஜா, கீழ ஷாஃபி கரை. மூணா பிரிஞ்ச ஏமன். ராஜ்ஜியம் நான் நினைச்சதை விட சின்னது, இப்ப், யரீம், தமார் சுத்தியிருக்கற மேட்டுநிலம், அவ்வளவுதான். ஆனா மழை நல்லா பெய்யற பக்கம் அது, படிக்கட்டு வயலும் தண்ணியும் இருக்கு. துருக்கிக்காரன் வந்தப்போ வடக்கு மலைக்குப் பின்வாங்கறதுன்னு மேல எழுதினேன்ல, அதை மாத்திக்கறேன், இமாமோட கூட்டணி வச்சாத்தான் தப்பிப்பாங்க.

நான் இதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டு யோசிக்கறேன்னு ஒருத்தர் தனிச்செய்தியில கேட்டிருந்தார். அரசு போன பிறகும் அந்த ஜனங்க அங்கேயே 1400 வருஷம் இருந்தாங்க, அதான். வெள்ளி வேலை, நெசவு, கொல்லு வேலை எல்லாம் அவங்க கையில. 1679-ல ஊர் ஊரா கிளப்பி மவ்ஸா பாலைக்குத் துரத்தினாங்க, நிறைய பேர் வழியிலயே செத்தாங்க, மிச்சம் பேர் திரும்பி வந்து அதே ஊருக்கு வெளிய வீடு கட்டிக்கிட்டாங்க. 1949லயும் 1950லயும் சுமார் 49,000 பேர் மலையில இருந்து நடந்து ஏடனுக்கு இறங்கி விமானம் ஏறினாங்க. விமானத்தையே பார்த்திராத ஜனங்க.

என் டைம்லைன்ல அந்த இறக்கம் இருக்காது. 1949-ல யரீம் சந்தையில வெள்ளிக்காரன் கடை திறந்திருக்கும், கடைப்பலகையில ஒரு வரி எபிரேயம், ஒரு வரி அரபி, பழைய ராஜாக்கள் வெட்டின முஸ்னத் எழுத்து நாணயத்துல மட்டும்.

மலைத்தேன்:
நாணயத்துல என்ன எழுதியிருக்கும்?

செங்கடல்வாசி:
ரஹ்மானன்னு மட்டும் அக்கா. ராஜா பேர் பின்பக்கம். அந்த யஹூதா வீடு கட்டினேன்னு வெட்டின கல்லு இருக்குல்ல, அது பின்னாடி வந்த யாரோ ஒருத்தர் வீட்டுச் சுவர்ல வேற கல்லோட கல்லா வச்சுக் கட்டின நிலைமையிலதான் கிடைச்சது. என் கதை அந்த வீட்டுல இருந்து ஆரம்பிக்குது, சுவர்ல வைக்காம வாசல்ல இருக்கற மாதிரி. முதல் அத்தியாயம் ஞாயித்துக்கிழமை போடறேன், ஸஅதா பகுதியை நீங்க முதல்ல படிச்சுப் பாருங்க.